ஸ்கேன் நார்மல், ஆனால் ஆள் மாறிவிட்டாரே?

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன்னால் என் கணவர் பைக்கிலிருந்து விழுந்தார். கொஞ்ச நேரம் நினைவில்லை. சிடி ஸ்கேன் நார்மல் என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆளே மாறிவிட்டார். பிள்ளைகள் சத்தம் போட்டால் தட்டை வீசுகிறார், கடைக் கணக்கு ஓடவில்லை என்கிறார். போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாற்றம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை. நாத்தனார் ‘நடிக்கிறான்’ என்கிறார். — வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் நடிக்கவில்லை அம்மா. உங்கள் கடிதத்தில் அந்தத் தீய்ந்த பால்தான் என்னை நிறுத்தியது. வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் மூக்குக்கு மேலே இருக்கும் எலும்பின் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன, தலை மோதும் வேகத்தில் மூளை உள்ளே முன்னும் பின்னும் ஆடும்போது அவை அறுந்துபோகலாம். அதற்கு நேர் மேலே இருப்பது மூளையின் முன்பகுதி. கோபத்தை அடக்குவது, கணக்கைக் கோத்துப் பார்ப்பது எல்லாம் அதன் வேலை, கரடுமுரடான எலும்பில் மோதி முதலில் கன்றிப்போவதும் பெரும்பாலும் அதுதான். இது ஒரு வகை. இன்னொன்று, மூளைக்குள் ஓடும் நரம்பிழைகளே இழுபட்டுச் சேதமாவது. சிடி ஸ்கேன் ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும், இந்த நுண்ணிய சேதம் அதில் பெரும்பாலும் தெரியாது.

1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில்பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கம்பி தலை உச்சி வழியாக வெளியே போனது. உயிர் பிழைத்தார், பேசினார், நடந்தார், ஆனால் குணம் மாறிவிட்டது என்று பழகியவர்களே சொன்னார்கள். அதே கேஜ் பிறகு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் மறக்காதீர்கள்.

லேசான அடி என்றால் பெரும்பாலானவர்கள் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். உங்களவருக்கு அது தாண்டிவிட்டது, அதனால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போய் இந்த மூன்றையும் சொல்லுங்கள்: கோபம், கணக்கு, வாசனை. எம்ஆர்ஐ, ஞாபக சக்திப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வேலை, நல்ல தூக்கம், மது வேண்டவே வேண்டாம், டாக்டர் சொல்லும்வரை பைக்கும் வேண்டாம். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது, அடுப்படியில் தனியாக விடாதீர்கள். நாத்தனாரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்களேன்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஒரு மாதத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக இடித்துக்கொண்டார். இப்போது பகலெல்லாம் தூக்கம், நடக்கும்போது ஒரு காலை இழுக்கிறார். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். வயசுதான் காரணமா? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: வயது என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே சிடி ஸ்கேன் எடுங்கள். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேலுறைக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசான இடியில்கூட அறுந்து, ரத்தம் வாரக்கணக்கில் மெதுவாகச் சேரும். ஆஸ்பிரின் அதை அதிகமாக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தக்கட்டு என்று தெரிந்தாலும் பயப்படாதீர்கள், மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிடலாம், பலர் நன்றாகவே தேறி நடக்கிறார்கள். போகும் வழியில் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் எதுவந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.