பொழிக்கரை மணலில் வீடு கட்டலாமா?

கேள்வி: கேரளத்தின் பூவாறில் நெய்யாறு கடலோடு சேரும் பொழிக்கு அருகே 8 சென்ட் நிலம் வாங்கியிருக்கிறோம். மாடி வைத்து வீடு கட்ட எண்ணம். நான்கடி தோண்டிப் பார்த்த கொத்தனார், "நல்ல வெள்ளை மணல், பக்கத்து வீடும் விரிசல் இல்லாமல் நிற்கிறது, மண் பரிசோதனை வீண் செலவு" என்கிறார். பொறியாளரோ பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டே ஆக வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, களியக்காவிளை

பதில்: இருவருமே நிலத்தின் அடியைப் பார்க்காமல் பேசுகிறார்கள். கொத்தனார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. இறுகிய மணல் நன்றாகவே எடை தாங்கும். அமிழ வேண்டிய அளவும் பெரும்பாலும் கட்டுமானம் முடிவதற்குள்ளேயே அமிழ்ந்துவிடும். ஆனால் ஆற்றுவாய் இடம் மாறி மாறித் திறந்த பொழிக்கரையில், மேலே தெரியும் மணலுக்குக் கீழே பழைய காயலின் கருஞ்சேறும் களியும் படிந்திருக்கக்கூடும். அந்தக் களி, மேலே எடை ஏறிய பிறகு தன்னிடமுள்ள நீரை மெல்லமெல்ல வெளியேற்றிப் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். களிப் படிவின் தடிமன் மூலைக்கு மூலை வேறுபட்டால் சுவர் வெடிக்கும். அந்தப் படிவு உங்கள் வேலிக்குள் தொடங்கி வேலிக்குள்ளேயே முடிந்துவிடலாம் என்பதால், பக்கத்து வீடு சாட்சியாகாது.

மண் பரிசோதனைக்கு, சிறிய கட்டடமானால் நடுவில் ஒரு துளையோ குழியோ போதும் என்று ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தரவிதி அனுமதிக்கிறது. பொழிக்கரையில் நான் அதை ஏற்கமாட்டேன். எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள் வேண்டும். ஆழத்தையும் ஒரு தூணின் அடித்தள அகலத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. தூண்கள் நெருங்கி நிற்கும்போது அவற்றின் அழுத்தங்கள் கீழே ஒன்றுசேர்வதால், வீட்டின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரை, அதாவது 10 மீட்டர் அகல வீட்டுக்கு 15 மீட்டர் வரை, ஒரு துளையாவது இறங்க வேண்டும். அந்த ஆழத்திலும் களி வந்துகொண்டிருந்தால் அதைத் தாண்டும் வரை நிறுத்தக் கூடாது.

துளையிடும் நாளில் நீங்களே அருகில் நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ.க்கான அடிகளைத் தள்ளிவிட்டு, மீதி 30 செ.மீ.க்கானவற்றை மட்டும் என்-மதிப்பாகக் குறிப்பார்கள். மணலில் அது 10-க்குக் கீழே இருந்தால் தளர்வு, 30-க்கு மேல் இருந்தால் இறுக்கம். நீங்கள் கவனிக்க வேண்டியது துளைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்தை. அது வெளியே உள்ள நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இறங்கினாலோ, கருவியை வெடுக்கென்று மேலே இழுத்தாலோ, அடியிலிருந்து நீர் மணலைப் பொங்கவைத்துக்கொண்டு குழாய்க்குள் ஏறும். இறுகியிருந்த மணலும் கலைந்து, எண் பொய்யாகக் குறையும். தேவையில்லாத பைல்கள் சில இப்படித்தான் வரைபடத்தில் ஏறுகின்றன. துளை எப்போதும் பெண்டோனைட் என்ற களிமண் குழம்பால் நிறைந்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: நீரில் மூழ்கிய நுண்மணலில் எண் 15-ஐத் தாண்டினால், மிகுதியைப் பாதியாக்கச் சொல்கிறது ஐ.எஸ். 2131. 25 என்று வந்ததை 20 என்றே கொள்ள வேண்டும்.

நீரில் மூழ்கிய தளர்மணலுக்கு நிலநடுக்கமும் ஒரு பகை. 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் இப்படிப்பட்ட மணல் குழம்பாகி, அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல் அப்படியே சாய்ந்தன. நிலநடுக்கத்துக்கான தரவிதி ஐ.எஸ். 1893-இன் 2002, 2016 பதிப்பு வரைபடங்களில் கேரளம் முழுவதும் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் இருப்பதால், இந்த ஆபத்தைச் சரிபார்க்கும் கணக்கையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

நீர் மட்டத்தைக் கோடையில் அளந்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். நீர் அடித்தளம் வரை ஏறினால் மணலின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகும். பொழி மணலால் அடைபட்டு, ஆற்றுநீர் கடலுக்குப் போக வழியின்றித் தேங்கும் நாட்களில் கிணற்றில் நீர் எங்கே நிற்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கணக்குக்கு அந்த மட்டம்தான் வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அங்கே கயிறு திரிக்கக் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட குழியோ, ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் என்ற பழைய நீர்வழியின் கிளையோ தூர்க்கப்பட்டதா? மக்கிய நாரும் கருஞ்சேறும் நிறைந்த அந்த இடம் இரண்டு துளைகளுக்கும் நடுவே அகப்படாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் மூன்றாவது துளையை அங்கேயே போடுங்கள்.

இறுகிய மணல் தொடர்ச்சியாக இருந்தால் சாதாரண அடித்தளமே போதும். தளர்வு பரவலாக இருந்தால் ராஃப்ட் (வீட்டின் அடி முழுவதும் ஒரே கான்கிரீட் பலகையாகப் போடும் அடித்தளம்) அல்லது மணலை இறுக்கும் முறையைப் பார்க்கலாம். ஆழத்தில் தடித்த களிப் படிவு இருந்தால்தான் பைல் பற்றிய பேச்சே. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி உங்கள் சர்வே எண்ணில் கட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் துளைச் செலவாவது மிச்சம்.

கேள்வி: மனையில் உள்ள கிணற்று நீர் லேசாகக் கரிக்கிறது. கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: நாக்கை நம்பாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 வரம்பு. நீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். உப்பு மிகுதியாக ஏறும் கோடையில் எடுத்த மாதிரியாக அது இருக்கட்டும். வரம்பைத் தாண்டினால், கலக்க மட்டுமன்றிக் கியூரிங்குக்கும் (கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும்) லாரியில் நன்னீர் வரவழையுங்கள்.