பெரிய இனக் கிடா வாங்கலாமா?

கேள்வி: இறைச்சிக்காக 40 செம்மறிப் பெட்டைகள் வைத்திருக்கிறேன். கிடா ஒன்றுதான், வருஷம் முழுக்க மந்தையிலேயே நிற்கிறது. குட்டிகள் மாதாமாதம் ஒன்றிரண்டாக விழுவதால் ஒரே அளவில் சேர்த்து விற்க முடியவில்லை. பிறந்த குட்டிகள் சில செத்தும் போகின்றன. பெரிய இனக் கிடா வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. முதலில் இருக்கிற கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள். பெட்டை சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அதனால் கிடாவை ஐந்தாறு வாரம் உள்ளே விட்டாலே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பாவது கிடைத்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள் என்பதால் குட்டிகளும் ஐந்தாறு வார இடைவெளிக்குள் விழும், வளர்த்தியும் ஒன்றுபோல இருக்கும், வியாபாரியிடம் மொத்தமாக விலை பேசலாம். ஆனால் இந்தக் குறுகிய காலத்தில் 40 பெட்டையை ஒரே கிடா சமாளிப்பது கஷ்டம். 25, 30 பெட்டைக்கு ஒன்று என்று வையுங்கள்.

குட்டி சாவதற்குக் காரணம் பெரும்பாலும் தாயின் தீவனத்தில் இருக்கிறது. வயிற்றுக் குட்டி கடைசி ஆறு வாரத்தில்தான் வேகமாக எடை ஏறும், பலரும் அப்போதும் வெறும் மேய்ச்சலோடு விட்டுவிடுகிறார்கள், பிறகு குட்டி நோஞ்சானாகப் பிறக்கிறது, தாய்க்கு மடியில் பாலும் இல்லை. அடர்தீவனத்துக்குச் செலவழிக்க மனசு வந்தால் அந்த ஆறு வாரத்துக்குச் செலவழியுங்கள். இன்னொரு தருணமும் உண்டு: கிடா விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, முதுகைத் தடவினால் எலும்பு கையில் குத்துகிற பெட்டைகளுக்குத் தீவனத்தைக் கூட்டினால் இரட்டைக்குட்டிக்கு வாய்ப்பு கூடும். ஏற்கெனவே கொழுத்து நிற்பவைக்கு இது வீண். அப்புறம், குட்டி விழுந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று நீங்களே நின்று பாருங்கள். தொப்புள்கொடியை அயோடினில் நனைத்துவிடுங்கள்.

இதெல்லாம் சீரான பிறகு பெரிய இனக் கிடா வாங்குங்கள், நானே சொல்வேன். வாங்கும்போது உடம்பைப் பார்த்து மயங்காமல் விதையைத் தொட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவாக, வீக்கமில்லாமல், கெட்டியாக இருக்க வேண்டும். தலையீத்துப் பெட்டைகளிடமும் சிறு உடம்புள்ளவற்றிடமும் அதை விடாதீர்கள், குட்டி பெரிதாகி ஈன முடியாமல் திணறும். கலப்புக் குட்டிகளை, பெட்டையானாலும், முழுக்க இறைச்சிக்கே கொடுத்துவிடுங்கள். மந்தைக்கு வேண்டிய பெட்டைகளை, இரட்டை ஈன்று இரண்டையும் கரையேற்றிய உங்கள் பழைய தாய்களின் வழியில், உங்கள் இனக் கிடாவுக்குப் பிறந்தவற்றிலிருந்து எடுங்கள். அந்தக் கிடாவையும் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் மாற்றிவிட வேண்டும்.