மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: வேலையை விடாமல் முதுகலை படிக்க நினைக்கிறேன். நான் விரும்பும் படிப்பை ஒரே பல்கலைக்கழகம் நேரிலும் நடத்துகிறது, ஆன்லைனிலும் நடத்துகிறது. பட்டமும் ஒன்றுதான். ஆனால் ஆன்லைனில் சேர்ந்தால், பாடத்தில் மாட்டிக்கொள்ளும்போது கைகொடுக்க ஆள் இருக்குமா?
– ஒரு வாசகி

பதில்: ஆள் இருப்பார்கள். தேடி வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

வளாகத்தில் பாதி உதவி தற்செயலாகவே கிடைத்துவிடும். வகுப்பு முடிந்து பையை எடுக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர், "மூணாவது கணக்கு உனக்கு வந்துச்சா?" என்பார். நான்கு நாள் வராவிட்டால் யாராவது விசாரிப்பார்கள். ஆன்லைனில் பெரும்பாலும் விசாரிப்பது தானியங்கி நினைவூட்டல்தான்.

இது தீர்க்க முடியாத குறை இல்லை. 1969இல் உருவான பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி, தபாலிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்திய காலத்திலேயே மாணவருக்கென்று ஒரு டியூட்டரை ஒதுக்கியது. உங்களுக்கும் அப்படிப் பெயர் சொல்லி ஒருவர் உண்டா, இல்லை பொது மின்னஞ்சல் முகவரி மட்டும்தானா என்று முதலில் கேளுங்கள்.

நூலகத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே திறக்கலாம். மனநல ஆலோசனைதான் சிக்கல். பல இடங்களில் ஆலோசகரின் உரிமம் அவர் பதிவுசெய்த பகுதிக்கு மட்டுமே செல்லும். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருக்கும் மாணவரிடம் அவர் பேச முடியாமல் போகலாம். சேரும்போது இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் உங்கள் ஊர்க் கடிகாரத்தில் எத்தனை மணி என்பதையும் பாருங்கள். நள்ளிரவு இரண்டு மணி என்றால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கட்டணம் கட்டுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். "தேர்வின் நடுவில் இணையம் அறுந்தால் என்ன செய்வது?" என்று மாணவர் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். சேர்க்கைப் பிரிவுக்கு வேண்டாம், அவர்கள் எப்படியும் உடனே பதில் போடுவார்கள்! எத்தனை நாளில் வந்தது, கீழே ஒரு மனிதரின் பெயர் இருந்ததா, கேட்டதற்குப் பதிலா அல்லது வெறும் இணைப்பா என்று கவனியுங்கள்.

கேட்கக் கூச்சப்படுகிறவர் என்றால் நேர்வகுப்புக்கே போங்கள் என்பேன். ஆனால் முகம் தெரியாத எனக்கே விஷயத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பின் விவாதப் பக்கத்திலும் இப்படியே எழுதுங்கள். "புரியவில்லை" என்று மட்டும் போட்டால் யாருக்கும் பதில் எழுதத் தோன்றாது. "இரண்டாம் வரி வரை வந்துவிட்டேன், மூன்றாவதில் குறி ஏன் மாறுகிறது?" என்று கேட்டால் சக மாணவரே சொல்லிவிடுவார்.