டாட்டூ குத்தும் வயர்லெஸ் பென் மெஷின் வாங்கும் முன்: கேளுங்கள், சொல்கிறேன்

அக்கா, முதல் மெஷின் வாங்குகிறேன். ஸ்ட்ரோக் 3.5 போதுமா, 4 வேண்டுமா?

ஸ்ட்ரோக் என்பது ஊசி மேலும் கீழும் போய்வரும் தூரம். தோலில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது வேறு, அது ஊசியை எவ்வளவு வெளியே விட்டிருக்கிறீர்கள், கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை விட்டவர்கள் நிறைய. 3.5 மி.மீ. லைனிங்குக்கும் (கோடு போடுவது) ஷேடிங்குக்கும் (நிழல் கொடுப்பது) ஓரளவு ஈடுகொடுக்கும், அதனால் பழகுகிறவருக்கு அதுவே சரி. தடித்த கோட்டை ஒரே இழுப்பில் போடவும் கலர் நிரப்பவும் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும். பிஷப் கம்பெனியின் பவர் வாண்ட் பென்னை எடுத்துக்கொள்ளுங்கள், ஷேடருக்கு 3.5, லைனருக்கு 4.2, பேக்கருக்கு (கலர் நிரப்புவது) 5 என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். செயென் கம்பெனியின் சோல் நோவா அன்லிமிடெட் பென் 3.5, 4 இரண்டிலும் வருகிறது. அப்புறம், கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய, மாற்றக்கூடிய முனை) வாங்கும்போது மெம்பிரேன் (இங்க் பின்னால் போகாமல் தடுக்கும் சவ்வு) உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

நண்பர் 8 வோல்ட்டில் ஓட்டுகிறார். நானும் அதே வைக்கலாமா?

வேண்டாம். மோட்டாருக்கு மோட்டார் அந்த 8 வேறு. வோல்ட் கூடினால் ஊசி வேகம் கூடும், கையும் அதற்கேற்ப ஓட வேண்டும். மெதுவான கையில் வேகமான ஊசி தோலைக் கொத்திவிடும்.

பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்?

மணிக்கணக்கை விட, கழற்றி மாட்டலாமா என்று பாருங்கள். உள்ளேயே அடைத்த பேட்டரி செத்தால் மெஷினும் கிடப்பில் போகும். இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் உபரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும்.

என்ன சொன்னாலும் காயில் மெஷின் (மின்காந்தச் சுருளால் ஊசியை அடிக்கும் வகை) லைன் பென்னில் வராது. பென்னில் இருக்கிற ரோட்டரி (சுழலும் மோட்டார்) எல்லாம் நேற்று வந்தது.

நேற்று வந்ததா? 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி காப்புரிமை வாங்கிய மெஷினே எடிசனின் மின்பேனாவை ஒட்டிச் செய்தது, சுழலும் மோட்டார்தான் அதில். காயில் அதற்குப் பிறகு வந்தது.

வரலாறு இருக்கட்டும், கோடு?

காயிலின் அடிக்கு ஒரு கனம் உண்டு, மறுக்கவில்லை, நானும் பல வருடம் அதில்தான் கோடு போட்டேன். ஆனால் அந்த எடையைத் தூக்கித் தூக்கி என் மணிக்கட்டு போனது. 4 மி.மீ. பென்னில் வோல்ட்டைச் சரியாக வைத்து, கையை நிதானமாக ஓட்டினால் கோடு வரும். வராதவர்கள் பெரும்பாலும் காயிலின் வேகத்திலேயே கையை ஓட்டுகிறார்கள்.

பெஸ்ட் மெஷின் எது?

முதல் பதிலைப் படியுங்கள்.

பட்ஜெட்டில் பெஸ்ட் எது?

மறுபடியும் இதே கேள்வி. என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று சொல்லாமல் பதில் கிடையாது.

பழைய தழும்பு மேல் குத்தலாமா?

அது மெஷின் கேள்வி இல்லை. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் பென் ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா அக்கா?

கிரிப்பை (கையால் பிடிக்கும் பகுதி) கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள் தம்பி. மெம்பிரேன் இல்லாத கார்ட்ரிட்ஜ் போட்டு ஓட்டியிருந்தால் இங்க்கும் ரத்தமும் பின்வாங்கி மோட்டார் வரை போயிருக்கும். கிரிப் ஸ்டீல் என்றால் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போடலாம், மோட்டார் உள்ள உடலைப் போட முடியாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுகிறவை. காய்ந்த கறை ஒரு துளி தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.