காட்னிஸ் பீட்டாவுடன் சேர்ந்தது அவசர முடிவா?

‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல் வரிசையின் மூன்றாம் புத்தகமான ‘மாக்கிங்ஜே’யின் கடைசிச் சில பக்கங்களில் நாயகி காட்னிஸையும் அவளைக் காதலிக்கும் பீட்டாவையும் அவசரமாகச் சேர்த்துவைத்துவிட்டார்கள், மூன்று புத்தகம் படித்தது வீணா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி மெதுவாகப் படியுங்கள். ஊர் திரும்பிய பீட்டா, காட்னிஸின் இறந்துபோன தங்கை பிரிம்மின் நினைவாகக் காட்டிலிருந்து பிரிம்ரோஸ் செடிகளைத் தோண்டி வந்து காட்னிஸ் வீட்டோரம் நடுகிறான். காதல் பேச்சு ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் அந்த டான்டிலயன் பூ! முதல் புத்தகத்தில், பசியில் வாடியவளுக்கு அவன் ரொட்டி கொடுத்த மறுநாள் அவள் கண்ணில் பட்ட பூ அது. கடைசியில் தனக்கு வேண்டியது அந்தப் பூதான் என்கிறாள், அவனை நினைத்து. குழந்தை பெற அவள் சம்மதிக்கவே 15 ஆண்டுகள் ஆகின்றன. இதில் அவசரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.