ஒரே தேதி, வேறு வேறு நாள்

கேள்வி: என் பிறந்தநாள் டிசம்பர் 16. இசை மேதை பீத்தோவன் பிறந்ததும் அன்றுதான் என்று ஒரு தினக்குறிப்பில் படித்ததிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'வரலாற்றில் இன்று', 'இன்று பிறந்தவர்கள்' மாதிரியான துணுக்குகளால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று என் நண்பர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்லலாம்?

பதில்: நண்பரை அப்புறம் கவனிப்போம். 'அன்றுதான்' என்று அடித்துச் சொல்கிறீர்களே, முதலில் அதைப் பேசியாக வேண்டும்.

பீத்தோவன் பிறந்த நாளுக்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. இருப்பது ஞானஸ்நானப் பதிவு மட்டும்: பான் நகரம், 1770 டிசம்பர் 17. குழந்தை பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அங்கே அப்போது வழக்கம். ஆகவே 16-ஆம் தேதி பிறந்திருப்பார் என்று ஊகித்திருக்கிறார்கள். நல்ல ஊகம், நானும் ஏற்கிறேன். ஆனால் ஊகம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் துணுக்கின் சுவை கூடும், ஏனென்றால் இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

பீத்தோவனே தன் வயதை நம்பவில்லை. 1810-ல், கல்யாண யோசனையில் இருந்த காலத்தில், பால்ய நண்பர் வெகலருக்குக் கடிதம் எழுதித் தன் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி அனுப்பச் சொன்னார். தனக்கு முன்பே லுட்விக் என்ற அதே பெயரில் ஓர் அண்ணன் பிறந்து இறந்துபோனான், பதிவேட்டில் மாற்றிப் பார்த்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்திருந்தார். 1770 டிசம்பர் 17 என்ற தேதியோடு சரியான சான்றிதழ்தான் வந்தது. அவர் ஏற்கவில்லை. அது செத்துப்போன அண்ணனுடையது, தான் பிறந்தது 1772-ல் என்றே சாதித்தார். அந்த அண்ணன் 1769 ஏப்ரலில் பிறந்து சில நாட்களிலேயே இறந்துவிட்டவன். 1770 டிசம்பர் தேதி எப்படி அவனுடையதாக முடியும்? இவ்வளவு பெரிய மேதை கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு தன் பிறப்போடு வழக்காடியிருக்கிறார். நீங்கள் பெருமைப்பட வேண்டியது இந்தக் கதைக்கு. தேதி ஒன்றாக இருப்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இனி என் பழைய சண்டைக்கு வருகிறேன். ஏப்ரல் வந்தால் போதும், 'ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள், 1616 ஏப்ரல் 23' என்று யாராவது ஒரு வாசகர் எழுதிவிடுவார். நான் மறுப்பேன், அவர் கோபித்துக்கொள்வார். இந்த முறையும் மறுக்கிறேன். ஸ்பானிய எழுத்தாளரான செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள். அதைக்கூட விட்டுவிடலாம். ஸ்பெயின் அப்போது கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஷேக்ஸ்பியர் கண்ணை மூடிய ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. செர்வாண்டிஸ் போய் அப்போது பதினோரு நாள் ஆகிவிட்டது. 1995-ல் யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தபோது இந்த மரணங்களையும் ஒரு காரணமாகச் சொன்னது. புத்தகங்களுக்கு ஒரு நாள் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதற்காக இரண்டு பேரின் சாவை ஒரே நாளில் சேர்த்துக் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டு நாட்காட்டி ஏன் வந்தது? ஜூலியன் கணக்கில் வருடத்துக்கு 365 நாளும் கால் நாளும். உண்மையான வருடம் அதைவிட ஏறக்குறைய பதினோரு நிமிடம் குறைவு. பதினோரு நிமிடம் பெரிய விஷயமா என்றால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்து பத்து நாளாகிவிட்டது. 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அந்தப் பத்து நாளைத் தூக்கினார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. ஆவிலாவின் புனித தெரேசா சரியாக அந்த இரவில் ஸ்பெயினில் இறந்தார். விடிந்தபோது தேதி 15, அதனால்தான் அவருடைய திருநாள் அக்டோபர் 15-ல் வருகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான தேதித் துணுக்கு இல்லை.

'கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்பதும் இதே ரகம். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 கிறிஸ்துமஸ் நாள் இங்கிலாந்தின் பழைய கணக்கு. புதியதில் அது 1643 ஜனவரி 4. ஆனால் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8, கலிலியோ இறந்து சரியாக முந்நூறு வருடம். இது நிஜம். அதே நாளில் உலகத்தில் இன்னும் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே கணக்குப் போட்டுச் சொன்னார். பெருமையைப் பங்கு போட்டுக்கொண்ட அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நாட்காட்டியைத் தொட்டுவிட்டு ரோசினியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. இத்தாலிய இசை மேதை, பிறந்தது 1792 பிப்ரவரி 29. நான்கு வருடத்துக்கு ஒரு பிறந்தநாள், சரி. நூற்றாண்டு வருடங்கள் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம் என்பது கிரகோரியின் விதி, அதனால் 1800-ல் பிப்ரவரி 29 கிடையாது. நாலு வயதில் முதல் பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளை அடுத்ததற்குப் பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் அவனை ருஷ்யாவுக்குக் கூட்டிப்போயிருக்கலாம்! அங்கே அப்போதும் ஜூலியன்தான், 1800-ல் பிப்ரவரி 29 ஜாம்ஜாமென்று இருந்தது. இத்தாலியில் மார்ச் 12 நடந்துகொண்டிருக்கும்போது பையன் ருஷ்யாவில் பிறந்தநாள் கொண்டாடியிருக்கலாம். 39 ஓபராக்கள், அதாவது இசை நாடகங்கள், எழுதிவிட்டு, 1829-க்குப் பிறகு ஓபராவே வேண்டாம் என்று அவர் ஒதுங்கியபோது எட்டே எட்டு நிஜமான பிறந்தநாள்தான் ஆகியிருந்தது. எட்டு பிறந்தநாளுக்குள் 39 ஓபரா! 1868-ல் இறந்தபோது பதினெட்டு.

இப்போது உங்கள் நண்பர். பிரயோஜனம் கேட்கிறாரே, அவர் முன்னால் ஒரு கணக்கை வையுங்கள். ஓர் அறையில் 23 பேர். அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 57 பேர் என்றால் 99 சதவீதம். நம்ப மாட்டார், யாரும் முதலில் நம்புவதில்லை. 'என் தேதியோடு யாருக்கு ஒத்துப்போகும்' என்றே மனம் யோசிக்கும். கேள்வி அது அல்ல, யாரோடு யார் வேண்டுமானாலும் ஒத்துப்போகலாம். 23 பேரில் 253 ஜோடிகள் இருக்கின்றன. உங்களுடைய டிசம்பர் 16-ஐயே இன்னொருவர் வைத்திருக்க அதே பாதி வாய்ப்பு வேண்டும் என்றால் 253 பேரைத் தேட வேண்டும். தற்செயலைக் கண்டு மயங்காமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? துணுக்கு கொடுத்த பயிற்சி இது.

என் மனக்குறை துணுக்கின்மேல் இல்லை, 'ஏன்' என்ற பாதியை வெட்டிவிட்டு அச்சிடுகிறவர்கள்மேல். பிறந்தநாளுக்கு உலகம் முழுக்கப் பாடும் அந்த மெட்டு ஹில் சகோதரிகள் 1893-ல் வெளியிட்ட, பள்ளிக் குழந்தைகளின் காலை வணக்கப் பாட்டு. இதை எல்லோரும் போடுவார்கள். வாழ்த்து வரிகள் அதில் பின்னால் ஏறின, 1935-ல் பதிப்புரிமை பதிவானது, சினிமாவில் பாடினால் பணம் கட்ட வேண்டியிருந்தது, 2015-ல் ஓர் அமெரிக்க நீதிபதி அந்த வரிகளுக்கு அந்த உரிமை செல்லாது என்று சொன்னார். இந்தப் பகுதியைத்தான் இடமில்லை என்று தூக்கிவிடுகிறார்கள்.

பாட்டு ஏன் மூன்று நிமிடம் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். பல்லவியும் சரணமும் அந்தத் தட்டுக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டன. 1948-ல் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. என்ற நீள இசைத்தட்டு வந்துவிட்டது. மறு வருடமே 45 சுற்றுச் சிறு தட்டு வந்து, தனிப்பாட்டைப் பழைய அளவிலேயே நிறுத்திவைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது இசை இல்லை, அடுக்களைச் சமாச்சாரம். உணவை டின்னில் அடைக்க பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1810. டின் திறப்பானுக்கு எஸ்ரா வார்னர் அமெரிக்காவில் வாங்கியது 1858. நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இதைப் படித்ததும் சிரிக்கிறோம், 'திறக்க வழி யோசிக்காமலா மூடினார்கள்' என்கிறோம். ஆரம்பகால டின்கள் கனத்த இரும்புத் தகடு, உளியும் சுத்தியலும் இல்லாமல் திறக்க முடியாது. தகடு மெலிந்த பிறகுதான் கையால் அறுக்கிற கருவிக்கே வேலை வந்தது.