30 வருஷ பழைய மர கிச்சன் கப்போர்டு, எண்ணெய் பிசுக்கும் உரிஞ்ச பெயிண்டுமா இருக்கு. கம்மி செலவுல புதுசாக்க முடியுமா, மேல மைக்கா ஒட்டலாமா, இல்ல கழட்டிட்டு மாடுலரே போட்டுடலாமா?

மரம் நல்லா இருந்தா தயவுசெஞ்சு கழட்டாதீங்க. கடப்பா கல்லு தட்டு, முன்னாடி மரச்சட்டம், மரக்கதவுன்னு அந்தக் காலத்துல போட்டதெல்லாம் பெரும்பாலும் முழு மரம். அதை எடுத்துட்டு கம்மி ரேட்டு மாடுலர்னு போனா பார்ட்டிகிள் போர்டைத்தான் (மரத்தூளை பசை போட்டு அழுத்துன பலகை) கொண்டுவந்து மாட்டுவாங்க, சிங்க் அடியில கொஞ்ச நாள் தண்ணி கசிஞ்சா போதும் ஓரமெல்லாம் உப்பிடும், உப்புனது திரும்ப இறங்கவே இறங்காது. கும்பகோணத்துல எங்க அம்மா வீட்டு கிச்சனை போன மாசியில நானும் தம்பியுமா சேந்து பண்ணோம், ஆள் வைக்கல, கீலு கைப்பிடி பெயிண்ட் எல்லாம் சேத்து ஐயாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல மரம் தேறுமான்னு பாருங்க. சிங்க் பக்கம், தரையை ஒட்டி இருக்கற சட்டத்துல ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாருங்க. டக்குனு நின்னா நல்ல மரம், பொதபொதன்னு உள்ள போனா உளுத்துடுச்சு இல்லன்னா கரையான் தின்னுருக்கு. அப்பவும் எல்லாத்தையும் மாத்த வேண்டாம், அந்த துண்டை மட்டும் அறுத்துட்டு வேற மரம் வச்சு இணைச்சுத் தருவாங்க. கரையான் மண்ணு கோடு இருந்தா சாமான் எல்லாம் வெளிய எடுத்துட்டு மருந்து அடிச்சு அது முடிஞ்சப்பறம்தான் மத்த வேலை.

அப்பறம் ஒரு கதவுல கீலை கழட்டி அது அடியில பாருங்க. அங்க பெயிண்ட் பட்டிருக்காது, மரத்தோட உண்மையான நிறம் அங்கதான் தெரியும். லேசா சுரண்டுனா தங்க பழுப்பு நிறம், ஒரு மாதிரி தோல் வாசனை வந்துதுன்னா தேக்கு. தேக்கா இருந்து உங்களுக்கு பொறுமையும் இருந்தா பெயிண்டை எடுத்துட்டு பாலிஷ் போடுங்க, மேல இன்னொரு பெயிண்ட் அடிச்சு மூடறது எனக்கு மனசு வராத விஷயம். ஆனா கிச்சனுக்கு அரக்கு பாலிஷ் வேண்டாம், சூடும் தண்ணியும் பட்டா வெளுத்துப் போயிடும், பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் தான் தாங்கும். தேக்குல இயற்கையாவே எண்ணெய் உண்டு, அதனால பாலிஷுக்கு முன்னாடி தின்னர் தொட்ட துணியால ஒரு தடவை துடைச்சுடுங்க.

இதை கொஞ்சம் கவனமா படிங்க. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுங்கற விதி 2017 நவம்பர் 1-ல இருந்துதான் அமலுக்கு வந்துது. உங்க கப்போர்டுல இருக்கறது அதுக்கு ரொம்ப முந்தின எனாமல், ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதனால காஞ்சபடியே உப்புத்தாள் போட்டு தூசு கிளப்பாதீங்க, தண்ணி தொட்டு தேய்க்கற வாட்டர் பேப்பர் வாங்குங்க. மெஷின் வச்சு தேய்க்கறேன், ஊதுவிளக்கு வச்சு பெயிண்டை எரிச்சு எடுக்கறேன்னு பெயிண்டர் சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நல்ல மாஸ்க் போடுங்க, சின்னப் பசங்களையும் மாசமா இருக்கறவங்களையும் அந்தப் பக்கமே விடாதீங்க, உதிர்ற சக்கையை நியூஸ்பேப்பர்ல ஏந்தி மடிச்சு கட்டி தூக்கிப் போடுங்க, செடிக்கு பக்கத்துல கொட்டாதீங்க.

இப்ப பிசுக்கு. என்னைக் கேட்டா பாதி வேலை இதுதான். பெயிண்ட் ஆறு மாசத்துல தோல் மாதிரி உரியுதுன்னு சொல்றவங்க வீட்ல எல்லாம் பெரும்பாலும் காரணம் பெயிண்ட் இல்ல, அடியில இருக்கற எண்ணெய். அடுப்புக்கு நேர் மேல இருக்கற கதவுல நகத்தால கீறிப் பாருங்க, தாளிச்ச புகையும் தூசும் வருஷக்கணக்கா படிஞ்சு பழுப்பா மெழுகு மாதிரி சுருண்டு வரும். கைப்பிடியை சுத்தி இன்னும் மோசமா இருக்கும், அங்க கை வேர்வையும் சேந்திருக்கும். அரை பக்கெட் சுடுதண்ணியில ஒரு கைப்பிடி வாஷிங் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட், கையில க்ளவுஸ், தேங்கா நாரால தேய்ங்க. கம்பி நார் வேண்டாம், துணுக்கு மரத்துல மாட்டிக்கிட்டு பின்னாடி துரு கறை வரும். சோடா வெறும் தேக்கு மேல பட்டா மரம் கறுத்துடும், அதனால பாலிஷ் போடப் போற கதவுக்கு வெறும் சோப்பு தண்ணி போதும். நல்ல தண்ணியால ரெண்டு தடவை துடைச்சுட்டு கதவு மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. பரவி நின்னா எண்ணெய் போயிடுச்சு, முத்து முத்தா உருண்டா இன்னும் இருக்கு, மறுபடி தேய்க்கணும்.

கதவை எல்லாம் கழட்டித்தான் பண்ணணும், மாட்டுனபடியே அடிச்சா கீல் மேல எல்லாம் பெயிண்ட் ஒழுகி அசிங்கமா இருக்கும். கழட்டும்போதே கீல் உக்கார்ற பள்ளத்துல பென்சில்ல நம்பர் போட்டுடுங்க, பழைய ஆள் கையால இழைச்ச கதவு ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, இடம் மாறுனா சாத்தாது. ஸ்க்ரூ ஓட்டை பெருசாகி கீல் ஆடுதுன்னா ஃபெவிகால்ல தொட்ட தீக்குச்சியை ரெண்டு மூணு உள்ள திணிச்சு காய விட்டு வெட்டிட்டு அதுல ஸ்க்ரூ போடுங்க, கெட்டியா பிடிச்சுக்கும்.

காஞ்சதும் 180 நம்பர் வாட்டர் பேப்பரை தண்ணி தொட்டு பளபளப்பு போற அளவுக்கு தேய்ச்சா போதும், மரம் தெரியற வரைக்கும் போக வேண்டாம். ஓட்டை வெடிப்புக்கு எல்லாம் மர பட்டி, அப்பறம் வுட் ப்ரைமர், அப்பறம் 320 வச்சு லேசா ஒரு கை, அப்பறம் எனாமல் மெல்லிசா ரெண்டு கோட். கதவை நிழல்ல ரெண்டு செங்கல் மேல படுக்க வச்சு அடிங்க, நிக்க வச்சா வழியும், நேர் வெயில்ல வச்சா மேல்தோல் மட்டும் காஞ்சு கொப்புளம் வரும். பின்பக்கத்தையும் கண்டிப்பா அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஈரம் இன்னொரு பக்கம் ஏறி கதவு வளைஞ்சுக்கும். தூய வெள்ளை ஆயில் எனாமல் அடிக்காதீங்க, கப்போர்டு உள்பக்க இருட்டுல கொஞ்ச நாள்லயே மஞ்சளாயிடும். வெள்ளைதான் வேணும்னா வாட்டர் பேஸ் எனாமல் கேட்டு வாங்குங்க, நாத்தமும் கம்மி. ஐப்பசி கார்த்திகையில இந்த வேலையே எடுக்காதீங்க, மரம் ஈரம் குடிச்சு உப்பியிருக்கும். தை பொறந்து மழை ஓஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஆரம்பிச்சா சரியா இருக்கும்.

மைக்கா ஒட்டலாமான்னும் கேட்டிருக்கீங்க. கதவு சமமா பலகை மாதிரி இருந்தா ஒட்டலாம், எட்டுக்கு நாலு ஷீட்ல 32 சதுர அடி வரும், ஆனா பழைய பெயிண்டை முழுசா எடுத்தாத்தான் ஒட்டும். நடுவுல பள்ளம் வச்ச பேனல் கதவுக்கு வேலைக்காகாது. ஆன்லைன்ல விக்கற ஸ்டிக்கரை அடுப்பு பக்கம் ஒட்டவே ஒட்டாதீங்க, சூட்டுல ஓரம் தூக்கிக்கும், அந்த சந்துல கரப்பான் குடியேறிடும்.

மிச்சம் இருக்கற காசை கீலுக்கும் கைப்பிடிக்கும் போடுங்க, துரு பிடிக்காத ஸ்டீலா வாங்குங்க. எங்க அம்மா முதல்ல தொட்டு சந்தோஷப்பட்டது பெயிண்டை இல்ல, சத்தம் இல்லாம சாத்துற கதவைத்தான். பெயிண்ட் கைக்கு காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள இறுக நாளாகும், ரெண்டு மூணு வாரத்துக்கு சோப்பு போட்டு தேய்க்காம வெறும் ஈரத்துணியால துடைங்க, அதுக்கப்பறம் அடுப்பு பக்கத்து கதவை மட்டும் வாரம் ஒரு தடவை சோப்பு தண்ணியில துடைச்சுட்டு வாங்க.